லாட்ஜ் வராந்தாவுக்குப் பித்தளைச் சுவர் விளக்கு: செய்வது எப்படி?

1960இல் கோபன்ஹேகனில் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஓட்டலுக்குக் கட்டடம் முதல் கரண்டி வரை டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சனே வடிவமைத்தார். அங்குள்ள அவருடைய விளக்குகளில் பூவேலை கிடையாது. வடிவமும் வெளிச்சம் விழும் இடமும்தான் அலங்காரம். அந்த வழியில், மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்களில் இருப்பது போன்ற ஒடுக்கமான வராந்தாவுக்கு ஒரு வட்ட விளக்கு இது. பல்பு கண்ணில் படாது. முன்னால் இருக்கும் பித்தளைத் தட்டைச் சுற்றிச் சுவர்தான் ஒளிரும்.

ஒரு விளக்குக்கு: 250 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனத்தில் பித்தளை வட்டம், 110 மி.மீ. பிவிசி பைப்பில் 35 மி.மீ. வளையம், அதற்குள் இறுக்கமாக உட்காரும் 12 மி.மீ. பிளைவுட் வட்டம் இரண்டு. 12 வோல்ட் வார்ம் வைட் எல்இடி ஸ்ட்ரிப் 32.5 செ.மீ. (மீட்டருக்கு 120 எல்இடி, 9.6 வாட்), 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர். ஒரு விளக்கு 3 வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். ஒரே அடாப்டரில் மூன்று ஓடும், நான்காவது வேண்டாம்.

முதலில் சுவர். பாதி விளக்கு அதுதான். பழைய சுண்ணாம்புச் சுவரின் கரணைத் தடம்கூட இந்தச் சாய்ந்த ஒளியில் மேடு பள்ளமாகத் தெரியும். சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பட்டி பார்த்து, 180 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். மேட் பெயிண்ட் மட்டும் அடியுங்கள். பளபளக்கும் எனாமல் சுவரில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்ட்ரிப்பை மாற்றினாலும் போகாது.

ஒரு பிளைவுட்டை வளையத்தின் முன்விளிம்போடு (பித்தளை வரும் பக்கம்) சமமாக எப்பாக்ஸி பசையால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு வளையத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள் (தின்னர் பிவிசியை இளக்கிவிடும்). ஸ்ட்ரிப்பைச் செம்புக் கோட்டில் மட்டும் வெட்டி, வளையத்தின் வெளிப்புறத்தில் முன்விளிம்புப் பக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். சுவர்ப் பக்கம் ஒட்டினால் நடந்து வருபவர் கண்ணில் அடிக்கும். விளிம்பில் 2 மி.மீ. இடம் விடுங்கள், வெட்டுமுனை பித்தளையைத் தொட்டால் ஷார்ட் ஆகும். சித்திரை வெயிலில் பசை இளகும் என்பதால் இரு முனைகளிலும் சிலிகான் ஒரு பொட்டு வையுங்கள். ஒயரைச் சால்டர் செய்து, வளையத்தில் துளையிட்டு உள்ளே இழுங்கள். எரியவில்லையா? பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும்.

பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி, நன்றாகக் காயவிட்டு லாக்கர் அடியுங்கள். இல்லாவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் கறுக்கும். நடுவில் ஒரே பித்தளைத் திருகால் முன் பிளைவுட்டில் பொருத்துங்கள்.

இன்னொரு பிளைவுட்டில் ஒயர் வரத் துளையிட்டு, தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இரண்டு ராவல் பிளக்கால் சுவரில் முடுக்குங்கள். டிரில்லில் வெள்ளைத் தூள் வரும்வரை அது பூச்சுதான், பிளக் பிடிக்காது. சிவப்புத் தூள் வந்தபின் முழு பிளக்கும் செங்கலுக்குள் போக வேண்டும். ஒயரை இணைத்துவிட்டு, வளையத்தை அதன்மேல் செருகிப் பக்கவாட்டில் இரண்டு சிறு திருகு போடுங்கள்.

அடாப்டரைப் பூச்சுக்குள் புதைக்காதீர்கள், சூட்டில் சீக்கிரம் போய்விடும். காற்றோட்டமான லாஃப்டில் வைத்து, 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். ஸ்ட்ரிப் முனைகளுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி விழும், அங்கே வெளிச்சம் சற்று மங்கும். வளையத்தைத் திருகுமுன் அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.