வெள்ளப் பகுதியில் வீடு: புயலுக்குப் பிறகு சுத்தியலைத் தொடும் முன்

ஊரில் வெள்ளம் வடிந்தால் சேற்றைக் கழுவித் தள்ளி, கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி, வெள்ளையடித்துக் குடியேறிவிடுவோம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டன், டாம்பா பக்கம் வேலை கிடைத்து வந்து, வீடு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் உதவாது. வெள்ள அபாயப் பகுதியில் உள்ள வீட்டைப் பழுதுபார்க்க இங்கே நகராட்சியின் பெர்மிட் (அனுமதி) வேண்டும். அந்தப் பெர்மிட்டைத் தருவதா, எந்த நிபந்தனையில் தருவதா என்பதைத் தீர்மானிப்பது 'ஐம்பது சதவீத விதி'.

முதலில் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத் தளத்தில் முகவரியைப் போட்டால் இலவசமாகவே தெரிந்துவிடும். மண்டலத்தின் பெயர் ஏ அல்லது வி என்று தொடங்கினால் அது அபாயப் பகுதி. வி என்றால் கடலலையும் சேர்ந்து அடிக்கும் இடம். ஏ, வி இரண்டிலுமே எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வரக் குறைந்தது 1 சதவீத வாய்ப்பு. சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அது 26 சதவீதமாகிவிடும். அபாயம் குறைவான எக்ஸ் மண்டலம் என்றால் மத்திய அரசின் இந்த விதி தொடாது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். 2017 ஹார்வி புயலில் ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் நிறைய, அபாயப் பகுதிக்கு வெளியே இருந்தவைதான். அதனால்தான் 2018 செப்டம்பரிலிருந்து அந்த நகரம் எக்ஸ் மண்டலத்தின் ஒரு பகுதியையும் தன் விதிக்குள் இழுத்துக்கொண்டது.

சரி, விதி என்ன? பழுதுபார்க்கும் செலவு, சேதத்துக்கு முன் கட்டிடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், அந்த வீட்டைப் புதிதாகக் கட்டும் வீட்டைப் போலவே இன்றைய விதிக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், வீட்டின் தரைத்தளத்தை ஃபீமா வரைபடம் காட்டும் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது. ஃப்ளோரிடாவில் அதற்கும் மேலே 1 அடி.

பலரும் சறுக்குவது 'கட்டிடத்தின்' மதிப்பு என்ற இடத்தில். நிலத்தின் விலை இதில் சேராது. 4,20,000 டாலருக்கு ஒரு பழைய ஒற்றைத் தள வீட்டை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதில் நிலம் 2,40,000, கட்டிடம் 1,80,000 என்றால் உங்கள் எல்லை 90,000. தண்ணீர் 3 அடி ஏறினால் ஷீட்ராக் (சுவர்ப் பலகை), தரை, சமையலறை அலமாரி, மின்கம்பி, ஏசி என்று அந்தத் தொகை கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். தண்ணீருக்குப் பக்கத்தில் நிலம் விலை உயர்ந்து, கட்டிடம் கிழடாகிப்போன வீடுகள்தான் இதில் முதலில் மாட்டும். விலை படிகிறதே என்று நம்மவர்கள் ஆசைப்படுவதும் அதே வீடுகளைத்தான்.

செலவுக் கணக்கிலும் கெடுபிடி உண்டு. நண்பர்கள் வந்து இலவசமாக வேலை செய்தாலும், டைல்ஸ் யாராவது சும்மா தந்தாலும், சந்தை விலையில்தான் சேர்ப்பார்கள். கான்ட்ராக்டரின் லாபமும் சேரும். குப்பை அகற்றுவது, வரைபடக் கட்டணம், பெர்மிட் கட்டணம், வேலி, நீச்சல் குளம் இவையெல்லாம் சேராது. புயல் பழுதோடு சமையலறையையும் புதுசாக்கிவிடலாம் என்று நினைத்தால் இரண்டும் ஒரே கணக்கு. புயலே அடிக்காமல் வெறுமனே ரீமாடல் செய்தாலும் இதே பாதிக் கணக்குதான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வருடத்துக்கு ஒன்றாகச் செய்யும் தந்திரமும் எல்லா இடத்திலும் செல்லாது. சில ஊர்கள் பல வருடச் செலவைக் கூட்டிப் பார்க்கும்.

'உங்கள் வீடு பாதிக்கு மேல் சேதம்' என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தால் அதோடு கதை முடியவில்லை. அவர்கள் பெரும்பாலும் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) சொத்துவரி மதிப்பைத்தான் எடுத்திருப்பார்கள். அது சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருப்பது சகஜம். உரிமம் பெற்ற அப்ரைசரிடம் (சொத்து மதிப்பீட்டாளர்), புயலுக்கு முந்தைய நிலையில் கட்டிடத்துக்கு மட்டும் மதிப்பு போடச் சொல்லி, கான்ட்ராக்டரின் விரிவான மதிப்பீட்டோடு கொண்டுபோய்க் கொடுங்கள். மதிப்பு ஏறினால் எல்லையும் ஏறும். செலவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டுவது மட்டும் வேண்டாம், அந்த ஊர் விலை அவர்களுக்கும் தெரியும். வாதாட முடியாத அளவு சேதம் என்றால் அதே கடிதம் உதவும்: மத்திய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பாலிசி இருப்பவர்களுக்கு, வீட்டை உயர்த்தவோ இடிக்கவோ 30,000 டாலர் வரை தனியாகக் கிடைக்கும். உயர்த்துவதற்கு அது முழுதாகப் போதாதுதான். உயர்த்திய பிறகு கீழே கார் நிறுத்தலாம், சாமான் வைக்கலாம், படிக்கட்டு வைக்கலாம். அங்கே படுக்கையறை கட்டினால் மறுபடி சிக்கல்.

தண்ணீர் வடிந்த முதல் நாள் சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி எல்லாவற்றையும் படம் எடுங்கள். நனைந்த கம்பளத்தை அகற்றுவது, ஷீட்ராக்கை வெட்டி எடுப்பது, கூரையில் தார்ப்பாய் கட்டுவது போன்றவற்றுக்குப் பொதுவாகப் பெர்மிட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். புதுச் சுவர் போடுவதற்குக் காத்திருக்க வேண்டும். 'பெர்மிட்டெல்லாம் எதற்கு, ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்' என்று வாசலுக்கு வரும் கான்ட்ராக்டரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். டெக்சாஸில் பொதுக் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமமே கிடையாது என்பதால் இன்னும் கவனம் தேவை. ஊர்கள் இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. இயன் புயலுக்குப் பிறகு பெர்மிட் இல்லாத வேலைகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று ஃப்ளோரிடாவின் லீ கவுன்ட்டியிலும் அதிலுள்ள சில ஊர்களிலும் காப்பீட்டுக் கட்டணத்தில் இருந்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப்போவதாக 2024-இல் ஃபீமா எச்சரித்தது.

அடுத்து காப்பீடும் விசாவும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தனி வெள்ளக் காப்பீடு வேண்டும். மத்தியத் திட்டத்தில் கட்டிடத்துக்கு 2.5 லட்சம் டாலர், சாமான்களுக்கு 1 லட்சம் வரை. எச்1பி வேலை விசாவில் இருப்பவரும் வாங்கலாம், வாடகைக்கு இருப்பவரும் சாமான்களுக்கு மட்டும் வாங்கலாம். வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும், ஆகவே கடலில் புயல் உருவான பிறகு ஓடுவதில் பயனில்லை. ஃபீமா தரும் நேரடிப் பண உதவி வேறு. எச்1பிக்காரர்களுக்கு அது கிடையாது. ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள மைனர் குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.

வீடு வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று. டெக்சாஸில் 2019-லிருந்தும், ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபரிலிருந்தும் வெள்ளம் பற்றி விற்பவர் எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைப் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் நகராட்சியின் பெர்மிட் பதிவுகளிலும் அந்த முகவரியைத் தேடுங்கள். புது கிரானைட், புதுத் தரை, புதுச் சுவர் எல்லாம் மின்னுகிறது, பெர்மிட் மட்டும் ஒன்றுகூட இல்லை என்றால், முந்தைய உரிமையாளர் செய்த மீறல் பத்திரத்தோடு சேர்ந்து உங்கள் தலையில் வந்து விழும். அந்த வீட்டுக்கு எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் உயரத்தைக் காட்டும் சான்று) இருக்கிறதா என்றும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.