மேக்ரமே சாவிக்கொத்து: சதுர முடிச்சும் குஞ்சமும்

மேக்ரமே என்றால் கயிற்றை முடிச்சுப் போட்டே பின்னும் கைவேலை. அதில் செய்யும் சாவிக்கொத்து அழகுப் பொருள்தான். ஆனால் தினமும் பத்து தடவை இழுபடும் அழகுப் பொருள். அதனால் மணி, நிறம் எல்லாம் பிறகு. முதலில் கயிறும் வளையமும் சரியாக அமைய வேண்டும்.

3 மி.மீ. தடிமனுள்ள பருத்திக் கயிறு போதும். ஒற்றைப் புரிக் கயிறாக வாங்கினால் கடைசியில் குஞ்சம் சீவுவது சுலபம். மூன்று புரி முறுக்கிய கயிறு உறுதியானது, ஆனால் ஒவ்வொரு புரியையும் பிரித்துச் சீவப் பொறுமை வேண்டும். இரண்டு நிறங்களில் 80 செ.மீ. துண்டு ஒவ்வொன்று, கடைசிக் கட்டுக்கு 30 செ.மீ. துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். இவை தவிர, சுழலும் கொக்கி ஒன்று, 25 மி.மீ. இரட்டைச் சுற்றுச் சாவி வளையம் ஒன்று, 6 மி.மீ.க்குக் குறையாத துளையுள்ள மர மணி ஒன்று. ஒற்றைச் சுற்றுக் கம்பி வளையம் வேண்டவே வேண்டாம். இழுக்க இழுக்க வாய் திறந்து சாவி விழுந்துவிடும்.

80 செ.மீ. கயிற்றைச் சரிபாதியாக மடிக்காதீர்கள். ஒரு பக்கம் 22, மறுபக்கம் 58 செ.மீ. வருமாறு மடியுங்கள். குட்டைப் பக்கங்கள்தான் நடு இழைகள், அவை சும்மா நேராகத் தொங்குபவை. முடிச்சுப் போடும் வெளி இழைகள் முடிச்சின் உயரத்தைப்போல் நாலைந்து மடங்கு கயிற்றைத் தின்னும். சமமாக மடித்தால் பாதி வழியிலேயே வெளி இழை தீர்ந்துவிடும். மடிப்பைக் கொக்கியின் வளையத்துக்குள் நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள் விட்டு இழுங்கள். இரண்டாவது கயிறும் இப்படியே. நீள இழைகள் இரண்டும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கொக்கியைப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டிவிட்டால் இரு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

இனி சதுர முடிச்சு. இடது இழையை நடு இழைகளுக்கு மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். வலது இழையை அதன் வால்மேல் போட்டு, நடு இழைகளுக்கு அடியில் கொண்டுபோய், இடப்பக்கக் கண்ணி வழியே மேலே எடுத்து இறுக்குங்கள். இது பாதி முடிச்சு. மறு பாதியை வலப்பக்கத்திலிருந்து அதே மாதிரி போட வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஒரே பக்கத்திலிருந்து அடுத்தடுத்துப் போட்டால் பட்டை தானாகவே திருகிக்கொள்ளும். திருகல் வேண்டுமென்றே போட்டால் நன்றாகத்தான் இருக்கும். பாதியில் தொடங்கினால் அசிங்கம். இரண்டு நிறம் எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்: நடு இழைகளுக்கு முன்னால் போவது எப்போதும் ஒரே நிறம். நிறம் மாறினால் உடனே நிறுத்தி ஒரு முடிச்சைப் பிரியுங்கள்.

நான்கு முழு முடிச்சுக்குப் பிறகு, நடு இழைகளின் நுனியில் செலோ டேப் சுற்றி மணியைக் கோர்த்து, வெளி இழைகளை அதன் இருபுறமும் இறக்கி, மணியை ஒட்டி அடுத்த முடிச்சை இறுக்குங்கள். இன்னும் நான்கு முடிச்சு. இடைவெளி தெரிந்தால், நடு இழைகளைப் பிடித்துக்கொண்டு முடிச்சுகளை மேலே தள்ளலாம்.

இனி கடைசிக் கட்டு. 30 செ.மீ. துண்டில் கீழ்நோக்கிய ஒரு கண்ணி செய்து நான்கு இழைகளின்மேல் வையுங்கள். குட்டை முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீள முனையால் மேலிருந்து கீழாக ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, அதைக் கண்ணிக்குள் விட்டு, மேல்முனையை இழுங்கள். கண்ணி சுற்றின் நடுவரை உள்ளே போனால் போதும். வெளியே வரும்வரை இழுத்தால் கட்டே அவிழும். இரு முனைகளையும் ஒட்ட வெட்டி, உலர்ந்தால் நிறமற்றுப் போகும் பசை ஒரு துளி விடுங்கள்.

குஞ்சத்தை நெருக்கப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பிறகுதான் 5 செ.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டினால் சீவியபின் நுனி ஏறுமாறாக நிற்கும். சட்டைப்பையில் வைப்பவர்களுக்கு 3 செ.மீ. போதும், நீளமானது சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். கடைசியாகச் சாவி வளையத்தைக் கொக்கியில் மாட்டுங்கள்.