வாங்கிய வசதி புதுப்பிப்பில் பறிபோனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தொலைக்காட்சியோ அச்சுப்பொறியோ வாங்குவது பெரும்பாலும் தீபாவளி மலிவு விற்பனையில்தான், அதுவும் தவணையில். தவணை முடிவதற்குள் இரவோடு இரவாக ஒரு மென்பொருள் புதுப்பிப்பு இறங்குகிறது. எந்த வசதிக்காக வாங்கினோமோ அது மறுநாள் இல்லை. கடைக்குப் போனால், "அது கம்பெனி செய்த வேலை, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கையை விரிக்கிறார்கள். அதை நம்பித் திரும்பிவிடுவதுதான் முதல் தவறு.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது. அந்த உத்தரவாதத்துக்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும். "வாரண்டி முடிந்துவிட்டது", "நீங்கள்தானே ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தினீர்கள்" என்ற பதில்களும் கதவை மூடிவிடாது. வாரண்டி தயாரிப்பாளர் தருவது. சட்டத்தின் உத்தரவாதம் வேறு. அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் வெற்றி உறுதி என்று எண்ணிவிட வேண்டாம். புதுப்பிப்பால் பறிபோகும் வசதியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அல்ல இது. "விற்ற நாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது" என்று கடைக்காரர் வாதாடலாம். எனவே, என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு நம் கையில் இருக்கும் சான்றே பெரிய பலம். நம்மவர்கள் பெரிதும் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டி மறுவாரமே பழைய பொருள் வாங்குபவரிடம் போய்விடுகிறது. ரசீது அலமாரிக்குள் கிடந்து, இந்த வெக்கையில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிறது. அந்த வழவழப்பான தாளின் குணம் அப்படி. வாங்கிய அன்றே ரசீதையும், வசதிகள் அச்சிட்ட பெட்டியின் பக்கத்தையும், கடையின் விளம்பரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் "இதில் அது வேலை செய்யும்" என்று எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். வசதி போனதும் திரையில் வரும் அறிவிப்பையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் படம் எடுங்கள். அதற்கு முன் பொருளைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தால், இருந்த சான்றும் போய்விடும்.

சரி, புதுப்பிப்பையே நிறுத்திவிட்டால்? அதுவும் எளிதல்ல. சோனி 2010 ஏப்ரல் 1 அன்று தன் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3இல் வேறு இயங்குதளம் நிறுவும் வசதியை நீக்கியது. புதுப்பிக்காதவர்களுக்கு அந்நிறுவனத்தின் இணையச் சேவை கிடைக்கவில்லை. எதை விடுவது என்பது மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. அமெரிக்காவில் நீண்டு சென்ற வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2016 செப்டம்பரில் எச்.பி. அச்சுப்பொறிகள் சில, பிற நிறுவனங்களின் மைக்குப்பிகளை ஏற்க மறுத்தன. பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு மலிவு மையை நம்பியிருக்கும் வீட்டில் இது எத்தனை பெரிய இடி! அச்சுப்பொறிகளில் இருந்த இத்தகைய தடைகளைத் தெளிவாகச் சொல்லாததற்காக இத்தாலி 2020இல் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இவை வெளிநாட்டு விவகாரங்கள், இங்கே கட்டுப்படுத்தா. வசதி பறிபோகுமோ என்ற பயத்தில் கைப்பேசியின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள், அதில் வங்கிச் செயலி இருக்கிறது.

இன்னொரு தவறு தாமதம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய மூன்றாண்டு இருக்கிறது என்பது சரிதான். ஆனால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை, நியாயமான காலத்துக்குள் கேட்காவிட்டால் போய்விடும். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள். வாய்ச்சண்டைக்கு ரசீது கிடையாது.

பதில் வராவிட்டால் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் வேண்டாம், மனுவை இணையம் வழியும் தாக்கல் செய்யலாம். மலாயில் எழுதத் தயங்குவோர் இடைநிலைப்பள்ளி படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். மனுவில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதுவது பயன் தராது. எந்த வசதி, விளம்பரத்தில் எங்கே இருந்தது, எந்தத் தேதியில் போனது, பணம் வேண்டுமா மாற்றுப்பொருள் வேண்டுமா என்று எழுதுங்கள். தீர்ப்பு சாதகமாக வந்தும் கடைக்காரர் 14 நாளில் நிறைவேற்றாவிட்டால், அது குற்றம்.