கையால் கட்டிய ஃப்ளையைப் படமெடுக்கும் முறை

ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் மென்மயிரும் கட்டிச் செய்யும் செயற்கைப் பூச்சியான ஃப்ளையின் படம், அதைப் பார்த்தே இன்னொருவர் அதே ஃப்ளையைக் கட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லென் ஹாலடே கட்டிய ‘ஆடம்ஸ்’ ஃப்ளையை வைத்துப் பழகுவது நல்லது. சாம்பல் நிற உடல், வரியிட்ட சேவல் இறகின் நுனிகளாலான சிறகுகள், பழுப்பிறகும் வரியிறகும் சேர்த்துச் சுற்றிய கழுத்து வளையம் என எல்லாமே அடங்கிய நிறங்கள் என்பதால், ஒளியில் நேரும் சிறு பிழையும் அதில் உடனே தெரிந்துவிடும்.

பெட்டியில் நசுங்கிய இறகுகளை, ஃப்ளையை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில விநாடிகள் காட்டினால் அவை மீண்டும் நிமிரும். நன்கு உலர்ந்தபின், முள்ளின் வளைவை வைஸில் (ஃப்ளை கட்டும்போது முள்ளைப் பிடித்திருக்கும் சிறு பிடிகருவி) பிடித்து, முள்ளின் நேரான தண்டைக் கிடையாக வைத்து, லென்ஸை அதற்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். கழுத்திறகின் இழைகள் முள்ளின் வாயகலத்தைப் (தண்டுக்கும் முள்முனைக்கும் இடையிலான அகலம்) போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், வால் தண்டின் நீளமும் இருக்க வேண்டும் என்பது கட்டுவோரின் பொது வழக்கு. கேமரா சற்றுச் சாய்ந்தாலும் இந்த அளவுகள் படத்தில் பொய்த்துவிடும்.

லென்ஸைவிட ஒளிக்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரடி ஃபிளாஷ் முள்ளின் கம்பியில் வெள்ளைக் கோடாக மின்னும். இழைகளின் நிழல்கள் உடலின் மேல் விழுந்து அதன் நிறத்தை மறைக்கும். ஆகவே விளக்குக்கும் ஃப்ளைக்கும் இடையே பட்டர் பேப்பரை, சட்டகத்துக்குள் வராத அளவில் ஃப்ளைக்கு மிக அருகே பிடியுங்கள். இரண்டாவது விளக்கைச் சற்றுப் பின்புறமாக வைத்தால் ஒவ்வோர் இழையின் விளிம்பும் தனித்து ஒளிரும். அடியில் ஒரு வெள்ளை அட்டை இருந்தால் வயிற்றுப் பகுதி இருளாது. சன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் கலந்தால் சாம்பல் உடல் ஒருபுறம் நீலமாகவும் மறுபுறம் செம்மஞ்சளாகவும் தெரியும் என்பதால் ஏதேனும் ஒன்றையே பயன்படுத்துங்கள். பின்னணிக்கு வெளிர்நீல அட்டையை ஓரடி தள்ளி வையுங்கள். சாம்பல் அட்டையில் ஆடம்ஸ் கரைந்துபோகும்.

முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டது) 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவே இருக்கும்போது, எஃப்/8 துளையில், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். துளையை எஃப்/16-க்குச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் அந்த நெருக்கத்தில் அது எஃப்/32-க்கு ஒப்பாகி, ஒளியின் விளிம்பு விளைவால் (diffraction) இழை நுனிகள் மழுங்கும். ஆகவே எஃப்/8-இலேயே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைப்பதே சிறந்தது. இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இணைப்பு பிசகக்கூடும் என்பதால் அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்காலி, பொத்தானை அழுத்தியபின் இரண்டு விநாடி கழித்துப் படமெடுக்கும் தாமதம் ஆகியவற்றுடன், மின்விசிறியை நிறுத்துவதும் அவசியம்.

பக்கவாட்டுப் படம் முடிந்ததும், முள்ளின் கண்ணுக்கு (தூண்டில் நூலைக் கட்டும் வளையம்) நேரெதிரே நின்று இன்னொன்றும் எடுங்கள். சிறகுகள் எந்த அளவு பிரிந்து நிற்கின்றன என்பது அதில்தான் தெரியும்.