ஊட்டியில் மீக்கடத்திச் சுருள்: ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோதனை

திரவ நைட்ரஜனில் மூழ்கிக் குளிர்ந்த மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) டேப் சாதாரண நேரத்தில் ஏறக்குறையத் தடையே காட்டாது. ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்னோட்டம் மாறுநிலை அளவை (மீக்கடத்துத் தன்மை தாங்கும் வரம்பை) தாண்டியதும் தானாகவே தடையாக மாறிவிடும், ரிலே தேவையில்லை. 230 வோல்ட்டில் இதைச் செய்து பார்க்கும் ஒரு சிறு சுருளுக்கான குறிப்பு இது.

4 மி.மீ. அகல ஒய்பிசிஓ (இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு) வகை டேப் 6 மீட்டர் வாங்குங்கள். தடித்த செம்பு பூசிய டேப் வேண்டாம். மீக்கடத்துத் தன்மை போன பிறகும் செம்பு வழியே மின்னோட்டம் தாராளமாக ஓடும், மட்டுப்படாது. மெல்லிய வெள்ளிப் பூச்சோ, எஃகுத் தகடு ஒட்டியதோதான் சரி. மீட்டருக்கு 50 வோல்ட்டுக்கு மேல், 0.1 விநாடிக்கு மேல் சுமத்தக் கூடாது. 6 மீட்டர் என்ற கணக்கு அதிலிருந்து வருகிறது: 230 வோல்ட்டைப் பங்கிட்டால் மீட்டருக்குச் சுமார் 38 வோல்ட்தான்.

டேப்பின் நடுவை 60 மி.மீ. விட்டமுள்ள இரு கண்ணாடியிழை உருளைகளில் எஸ் வடிவில் வளைத்து, இரு பாதிகளையும் சேர்த்துச் சுற்றுங்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் வெளிச்சுற்றில், அடுத்தடுத்த டேப்புகளுக்கிடையே முழு மின்னழுத்தமும் நிற்கும். வெளியே போகப்போக காப்டான் (மின்காப்புப் படலம்) அடுக்கைக் கூட்டுங்கள். நைட்ரஜன் உள்ளே புக 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். முனைகளை 118 டிகிரியில் உருகும் இண்டியம்-வெள்ளீயப் பற்றாசால், மீக்கடத்திப் படலம் இருக்கும் பக்கமாகவே செம்போடு இணையுங்கள். சுருளுக்கு இணையாக ஒரு தடையும் வேண்டும். டேப்பில் பலவீனமான இடம் முதலில் சூடேறும்போது அது மின்னோட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

பலரும் கவனிக்காமல் விடுவது உயரத்தை. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். திறந்த திரவ நைட்ரஜன் இங்கே 77.3 கெல்வினில் அல்ல, ஏறத்தாழ 75 கெல்வினிலேயே கொதிக்கும். மாறுநிலை மின்னோட்டம் சுமார் 15 சதவீதம் கூடும்: கடல்மட்டத்தில் 100 ஆம்பியர் தரும் டேப் இங்கே 115 காட்டும். அந்த எண்ணை நம்பி மட்டுப்படுத்தியைக் கோவையில் வைத்தால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே அது தடையாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். காற்றின் மின்காப்போ இங்கே குறைவு: 11 கிலோவோல்ட்டுக்குப் போகும்போது, 1,000 மீட்டருக்கான வெளிக்காப்புத் தாங்குதிறனோடு சுமார் 16 சதவீதம் கூட்ட வேண்டும். குமிழிகளும் மின்காப்பைக் கெடுக்கும். மூடிய, அழுத்தமேற்றிய கலன்தான் அதற்குப் பொருத்தம்.

முதலில் நேர்மின்னோட்டத்தில் செ.மீ.க்கு 1 மைக்ரோவோல்ட் எழும் புள்ளியைக் குறியுங்கள். பிறகு 60, 120, 230 வோல்ட் எனப் படிப்படியாக, ஒவ்வொன்றிலும் 20 முதல் 100 மில்லிவிநாடி வரை. தாண்டினால் பிரேக்கர் அறுத்துவிட வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்தப் புள்ளியை மறுபடி அளவிடுங்கள். 5 சதவீதம் குறைந்தாலே டேப் எங்கோ கருகியிருக்கிறது; நிறுத்துங்கள்.

150 ஆம்பியரில் 0.1 விநாடி என்றால் 3.45 கிலோஜூல், சுமார் 21 மில்லிலிட்டர் திரவம் ஆவியாகும். அந்த ஆவி அறையின் ஆக்சிஜனைக் குறைக்கும், குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடாதீர்கள். ஆக்சிஜன் அலாரம் கட்டாயம் வேண்டும். அதை இந்த உயரத்திலேயே அளவு சரிபார்த்து வையுங்கள்.

வெளியே எடுத்த சுருளை மூடுபனி படும் இடத்தில் வைத்தால், பனி படிந்து உருகி டேப்பின் ஓரங்களில் ஈரம் ஏறும். அடுத்த குளிர்வில் படலம் உரியும். உலர் நைட்ரஜன் நிரப்பிய பையில் போட்டு, அறை வெப்பம் வந்த பிறகே திறவுங்கள்.