ரேசரைக் குறை சொல்வதற்கு முன்னால்: டபுள் எட்ஜ் ஷேவிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் மூன்று டபுள் எட்ஜ் ரேசர்களின் (இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடைப் போட்டு வழிப்பவை) படத்தை அனுப்பி, "அண்ணா, இதுல எது கழுத்தை எரிக்காது?" என்று கேட்டான். ஏற்கெனவே இரண்டு வாங்கிவிட்டானாம். இரண்டுமே சரியில்லையாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடம் முன்னால் நானும் இதே கேள்வியோடு இதே மாதிரி அலைந்து, கடைசியில் அலமாரியில் நாலு ரேசரும் கழுத்தில் சிவப்புத் தடிப்புமாக நின்றவன்தான். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுபோனது, அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன். வெந்நீரில் முகத்தை நனை, நுரையைக் கெட்டியாக அடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவது

பிளேடுக்கும் கீழே இருக்கும் சேஃப்டி பாருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் 'பிளேடு கேப்' என்கிறார்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் ரேசர் சாது, பெரிதாக இருந்தால் முரடு என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிதான் உண்மை. பிளேடின் விளிம்பு மேலே இருக்கும் மூடியையும் கீழே இருக்கும் பாரையும் தாண்டி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளேடை ரேசர் எவ்வளவு வளைத்து இறுக்கிப் பிடிக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தோலில் தெரியும். 0.1 மி.மீ. கனமே உள்ள பிளேடு, சரியாகப் பிடிக்காவிட்டால் அதிரும். அந்த அதிர்வுதான் எரிச்சல்.

இன்னொன்று. இங்கிலாந்தின் எட்வின் ஜாக்கர் டிஇ89, ஜெர்மனியின் ம்யூலே ஆர்89 இரண்டையும் வாங்கி 'எது மேல்' என்று ஆராய்ச்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தலை வடிவமைப்பு ஒன்றுதான், மாறுவது கைப்பிடி. அதே ம்யூலேயில் ஆர்41 என்று ஒன்று உண்டு, பாருக்குப் பதிலாகச் சீப்புப் பல் மாதிரி இருக்கும். பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று புதிதாகப் பழகுகிறவர் அதை எடுத்துவிட வேண்டாம், அது வேறு மிருகம். எது ஒத்துவரும் என்றே தெரியவில்லையா, பிளேடுக்குக் கீழே வரும் அடித்தகட்டை மாற்றியும் திருப்பியும் போட்டு ஆறு அளவுகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய ராக்வெல் 6எஸ் மாதிரி ஒன்று போதும். ஆறு ரேசர் வாங்குகிற செலவு மிச்சம்.

ரேசரையும் பிளேடையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஒப்பிடுவது

இதைப் பற்றி எழுதும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது, கழுத்தில் இல்லை, மனசில்.

முதல் ரேசரோடு இலவசமாக ஐந்து பிளேடு வந்தது. அதையே போட்டு வழித்தேன், குரல்வளைக்குக் கீழே தீப்பட்ட மாதிரி ஆனது. 'இந்த ரேசர் ரொம்ப முரடு' என்று முடிவு கட்டி, சாதுவானது என்று பெயரெடுத்த இன்னொன்றை வாங்கினேன். அதோடு வந்தது வேறு பிளேடு. சுகமாக இருந்தது, ஆனால் மழமழப்பு வரவில்லை. சரி, இது 'ரொம்ப மைல்டு' என்று மூன்றாவது. அதற்கு, யாரோ சொன்னார்கள் என்று, இருப்பதிலேயே கூர்மையான பிளேடு ஒரு பாக்கெட். மறுபடி ரத்தம். நாலாவதையும் வாங்கி முடித்தபோது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது, அப்போது எனக்கு அது அரை மாத வாடகை.

உண்மையைக் கண்டுபிடித்தது நானில்லை, எங்கள் தெரு சலூன் அண்ணன். தாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பிளேடு தம்பி போடுறீங்க?" என்றார். ரேசர் பெயரை நீட்டி முழக்கிச் சொன்னேன். "அதக் கேக்கல, பிளேடு என்ன?" அவர் கையில் இருந்தது சாதாரண சவரக் கத்தி. ஒரு பிளேடைக் காகிதத்தோடு மடக்கி, டக்கென்று நடுவில் ஒடித்து, ஒரு பாதியைச் செருகினார். நாளெல்லாம் விதவிதமான முகத்தை அந்த ஒரே கத்தியால்தான் வழிக்கிறார். எனக்கு மட்டும் வேறு பாக்கெட்டில் இருந்து எடுத்தார், தோல் மெல்லிசாம். எரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து நாலு ரேசரிலும் அந்த ஒரே பிளேடைப் போட்டுப் பார்த்தேன், நாளுக்கு ஒன்றாக இல்லை, ஒன்றுவிட்டு ஒரு நாள். 'முரடு' என்று ஒதுக்கிய முதல் ரேசர்தான் இன்றுவரை தினமும் கையில் இருக்கிறது. மீதி மூன்றும் பாதி விலைக்குக் கூடப் போகவில்லை.

ஆகவே ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரே பாக்கெட்டில் இருந்து இரண்டு புதுப் பிளேடு, இரண்டு ரேசருக்கும். அதே சோப்பு, அதே பிரஷ். வலது கன்னத்துக்கு ஒன்று, இடதுக்கு இன்னொன்று. அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள், ஏனென்றால் வலக்கைக்காரனுக்கு இரண்டு கன்னமும் ஒரே மாதிரி எட்டாது. முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுரீர் என்கிறதோ அந்தப் பக்கம்தான் தோல் உரசப்பட்டிருக்கிறது. மூன்று முறையாவது இப்படிப் பார்க்காமல் எந்த ரேசரையும் திட்டாதீர்கள். ரேசரை மாற்றும் முன்னால் ஐந்தாறு வகை பிளேடு ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள், ஆஸ்ட்ரா, 7 ஓ'கிளாக், ஃபெதர் என்று எதுவானாலும். எல்லாம் சேர்ந்தும் ஒரு ஜெர்மன் ரேசரின் விலைக்குப் பக்கத்தில் வராது. எனக்குச் சரிப்பட்டது உங்களுக்குச் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், அதனால்தான் அந்தப் பாக்கெட்டின் பெயரை எழுதவில்லை.

அழுத்துவது

கார்ட்ரிட்ஜ் ரேசர் (பல பிளேடு சேர்ந்த தலையைக் கழற்றி மாட்டுவது) தந்த பழக்கம். அதை விடுங்கள், ரேசரின் கனமே இழுக்கும்.

பிளேடு கோணலாக உட்கார்ந்திருப்பது

மூன்று துண்டாகக் கழலும் ரேசர்களில் இது சகஜம். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறு பக்கம் சுரண்டும், ஆளும் ரேசரைத் திட்டுவார். இறுக்கும்போது பிளேடின் குட்டையான இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு திருகுங்கள், அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே அளவு பிளேடு தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் தளர்த்தி மறுபடி. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கவும் வேண்டாம். விலை குறைந்த ரேசர்களின் தலை பெரும்பாலும் ஜமக் என்கிற துத்தநாகக் கலவை, மேலே குரோம் பூச்சு. பார்க்கப் பித்தளை, எஃகு மாதிரியே மின்னும், ஆனால் பாத்ரூம் தரையில் ஒருமுறை விழுந்தால் மரை உள்ள தண்டு ஒடிந்து கையோடு வந்துவிடும்.

முதல் இழுப்பிலேயே எதிர்ப்போக்கில் வழிப்பது

கூடாது. கழுத்தில் முடி சுழித்துச் சுழித்து வளரும், தடவிப் பார்த்துப் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளேடைத் துண்டில் துடைப்பது

தண்ணீரில் அலசி உதறுங்கள், போதும்.

பழைய பிளேடைக் குப்பையில் வீசுவது

காகிதத்தில் சுற்றிப் போட்டாலும் வேண்டாம். குப்பையைக் கையால் பிரிக்கிற ஆள் நம் தெருவுக்குத் தினமும் வருகிறார். பழைய பால் பவுடர் டின் ஒன்றின் மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறி, பாத்ரூம் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் போடுகிறேன், ஆட்டினால் சலசலக்கிறது, இன்னும் பாதிகூட நிறையவில்லை.