ஸ்டீல்ல ஹைட்ரஜன் ஏறினா தாங்குமா? மெதுவா இழுத்து பாக்குற டெஸ்ட்

ஹை டென்சைல் போல்ட்ட டைட் பண்றீங்க, அன்னிக்கு ஒண்ணும் ஆகல, ரெண்டு நாள் கழிச்சு தலை தனியா உடைஞ்சு விழுது. ப்ளேட்டிங், ஆசிட் வாஷ் பண்ணப்ப உள்ள புகுந்த ஹைட்ரஜன் பண்ற வேலை இது. இரும்புக் கம்பிய ஆசிட்ல முக்கினா நொறுங்குதுன்னு டபிள்யூ. எச். ஜான்சன் 1875லயே எழுதிட்டார்.

முதல்ல சாம்பிள். ஒரே ராடுல இருந்து ஒரே ஹீட் ட்ரீட்மென்ட்ல குறைஞ்சது ஆறு டென்சைல் பீஸ் (இழுத்து உடைக்கிற சாம்பிள்) கடையுங்க, மூணு சும்மா காத்துல இழுக்க, மூணு ஹைட்ரஜன் ஏத்தி இழுக்க. ஹார்ட்னஸ் கட்டாயம் எழுதி வைங்க, ஸ்டீல் ஹார்டா ஆக ஆக இந்த பிரச்சனை கூடும், அது தெரியாம ரெண்டு ஸ்டீல கம்பேர் பண்றதுல அர்த்தமே இல்ல.

அடுத்து சார்ஜிங், அதாவது கரன்ட் விட்டு சாம்பிளுக்குள்ள ஹைட்ரஜன ஏத்துறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல சாம்பிள நெகட்டிவ்லயும் பிளாட்டினம் கம்பிய பாசிட்டிவ்லயும் மாட்டுங்க. பாதுகாப்புக் கண்ணாடி, கிளவுஸ் போடுங்க, வர்றது எரியுற வாயு, அதனால காத்தோட்டம் வேணும். ஆசிட்ல ஆர்சனிக் கலக்குற பழைய முறை ஒண்ணு இருக்கு, ஆர்சைன்னு கொடிய விஷ வாயு வரும், தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்ப இழுக்கணும், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். சாதாரண டென்சைல் டெஸ்ட் மாதிரி சில நிமிஷத்துல இழுத்து முடிச்சா ஹைட்ரஜன் அணு விரிசல் முனைக்கு நகர்ந்து போக நேரமே கிடைக்காது, மோசமான ஸ்டீலும் நல்ல ஸ்டீல் மாதிரி பாஸ் ஆயிடும். ஸ்ட்ரெய்ன் ரேட், அதாவது சாம்பிள் நீளுற வேகம், செகண்டுக்கு அதோட நீளத்துல 10 லட்சத்துல 1 பங்கு வைங்க, அப்ப 10 சதவீதம் நீள கிட்டத்தட்ட 28 மணி நேரம் ஆகும், பொறுமையா இருங்க. முடிஞ்சா இழுக்கும்போதே சார்ஜிங்கும் ஓடட்டும், எடுத்து வெளிய வச்சிட்டா ரூம் டெம்பரேச்சர்லயே ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிடும்.

உடைஞ்சதும் டென்சைல் ஸ்ட்ரெங்த் மட்டும் பாத்து ஏமாறாதீங்க, அது பெருசா மாறாமலே இருக்கலாம். உடைஞ்ச இடத்தோட விட்டம் அளந்து குறுக்குப்பரப்பு எத்தனை சதவீதம் குறைஞ்சிருக்குன்னு கணக்கு போடுங்க, ஹைட்ரஜன் பீஸோட நம்பர காத்துல இழுத்ததோட நம்பரால வகுங்க. 1 பக்கத்துல வந்தா தாங்குது, 0 பக்கம் போகப் போக ஆபத்து. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கிடைச்சா உடைஞ்ச முகத்தையும் பாருங்க, குழி குழியா இருந்தா இழுபட்டு உடைஞ்சது, கல்கண்டு குவிச்ச மாதிரி இருந்தா கிரெய்ன் (ஸ்டீலுக்குள்ள இருக்குற குட்டி படிகம்) ஓரமாவே பிளந்திருக்கு.